கம்பியில்லாத கட்டை

பழைய பியானோ ஒண்ணு வருது, எடுக்கலாமா வேண்டாமா, எடுத்தா எப்படிப் பாத்துக்கிடணும்னு நீங்க போன்ல கேட்டீக. அதச் சொல்லத்தான் உங்கள நேர்ல வரச் சொன்னேன். ஆனா அதோட சேத்து இன்னொண்ணும் சொல்லணும். அதக் கேட்டுட்டு நீங்க சிரிக்கலாம், டீச்சருக்கு வெயில் தலைக்கேறிருச்சுன்னு நெனைக்கலாம், எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல. நான் கணக்கு டீச்சர். ஸ்கூல்ல புளியமரத்துல பேய் இருக்குன்னு பிள்ளைக அழுதா, அந்த மரத்தடிக்கே கூட்டிட்டுப் போயி வகுப்பு எடுத்தவ. ஞாயித்துக்கிழமை சர்ச்சுல கீபோர்டு வாசிக்கிறேன், ஜெபம் பண்றேன், அது வேற. மத்தபடி இந்த ஆவி, அமானுஷ்யம்னு யாராச்சும் ஆரம்பிச்சா எந்திரிச்சுப் போயிருவேன். இப்பவும் பேய்னு நான் சொல்லல. என்னன்னு தெரியலன்னுதான் சொல்றேன். நடந்தத நடந்த மாதிரி சொல்றேன், நீங்களே யோசிச்சுக்கோங்க.

எங்க வீட்டுக்காரரு தங்கராஜ் மினி லாரி வச்சிருக்காரு. சிவகாசியில இருந்து காலண்டர், டைரி லோடு ஏத்திட்டு மதுரை, திருச்சின்னு போவாரு. காரியாபட்டிப் பக்கம் ஒரு பழைய பங்களாவ இடிக்கப் போறாகன்னு சாமான் ஏத்த இவர வரச்சொல்லியிருக்காக. விருதுநகர் வியாபாரி குடும்பத்துச் சொத்து அது. அதுக்கு முந்தி யாரோ வெள்ளைக்காரங்க இருந்தாகளாம், யாருன்னு வீட்டுக்காரங்களுக்கே சரியாத் தெரியல. பீரோ, கட்டில் எல்லாத்துக்கும் ஆள் இருந்துச்சு, பியானோவுக்கு மட்டும் இல்ல. "உங்க வீட்டம்மா ஏதோ வாசிப்பாகளாமே, எடுத்துட்டுப் போங்க, கெடந்தா கரையான் திங்கும்"னு சொல்லிட்டாக. இவரு எனக்கு ஒரு போனும் போடாம ஏத்திட்டு வந்துட்டாரு. வாசல்ல லாரி நிக்குது, தெருவே கூடிருச்சு, நான் கையில சாம்பார்க் கரண்டியோட நிக்கேன்.

எறக்க ஆளுக பட்ட பாடு இருக்கே! பாத்தா பீரோ அளவுதான் இருக்கு, என்னடா இம்புட்டு கனம்னு ஆளாளுக்குத் திட்டுனாக. உள்ள முழுசும் வார்ப்பு இரும்புச் சட்டம், அதுதான் கனம். நீங்க பாக்கப் போறப்ப முதல்ல அந்தச் சட்டத்தத்தான் பாக்கணும். மேல்மூடியத் தொறந்து, முன்பலகையக் கழட்டி, டார்ச் அடிச்சுப் பாருங்க, எங்கயாச்சும் விரிசல் இருந்தா விட்டுட்டு வந்துருங்க. அத ஒட்ட வைக்க முடியாது. அப்புறம் கட்டை. ஆர்மோனியத்துல அமுக்குறோம்ல, அதே மாதிரி வெள்ளைக் கட்டை, கறுப்புக் கட்டை. வெள்ளைக் கட்டையில நடுவுல மயிரிழை மாதிரி ஒரு கோடு குறுக்க தெரிஞ்சா அது தந்தம், ரெண்டு துண்டா ஒட்டியிருப்பாக. கோடே இல்லாம வழவழன்னு இருந்தா பிளாஸ்டிக், பின்னால மாத்துனது. எங்கதுல கோடு இருந்துச்சு. வெத்தல போட்ட பல்லு மாதிரி மஞ்சப் பூத்துப் போயி இருந்துச்சு. முன்னால ரெண்டு பக்கமும் மெழுகுவத்தி வைக்கிற பித்தளைக் கையி இருந்த ஓட்டை, கையி இல்ல. கம்பெனி பேரு தங்க எழுத்துல இருந்துருக்கு, பாதி உரிஞ்சு ரெண்டு மூணு எழுத்துதான் மிச்சம். உள்ள ஒரு நம்பர் குத்தியிருந்துச்சு. அந்த நம்பர வச்சு எந்த வருசம் செஞ்சதுன்னு நெட்ல பாக்கலாம்னாக. நானும் லீவு நாளெல்லாம் தேடிப் பாத்தேன், எந்தப் பட்டியல்லயும் சிக்கல. கம்பியெல்லாம் ஒண்ணுமேல ஒண்ணு குறுக்கப் போகாம நேரா நட்டமா நின்னுச்சு, அதனால நூறு வருசத்துக்கு மேலயே இருக்கும்னு ஒரு கணக்கு. அம்புட்டுதான் எனக்குத் தெரிஞ்சுச்சு.

இப்ப எஸ்தரப் பத்திச் சொல்லணும். என் வீட்டுக்காரரோட தங்கச்சி, என் நாத்தனா. சாத்தூர்ப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில ஆபீஸ்ல ஆர்டர் எழுதுற வேலை பாத்துக்கிட்டு இருந்தா. ரெண்டு வருசத்துக்கு முந்தி அங்க வெடிச்சுப் போச்சு. ஆபீஸ் தள்ளித்தான் இருந்துச்சு, ஆனாலும் அந்தச் சத்தம். அவ கூட பஸ்ல போயி வந்த பிள்ளைகள்ல சில பேரு அன்னைக்கு வீடு திரும்பல. இவ திரும்பி வந்தா, உடம்புல ஒரு கீறல் இல்ல, ரெண்டு காதும் போச்சு. நரம்பே போச்சு, மிஷின் வச்சாலும் பிரயோஜனமில்லன்னு மதுரையில சொல்லிட்டாக. ஆபரேஷன்னு ஒண்ணு இருக்கு, அதுவும் இவளுக்குச் சரிவருமான்னு சந்தேகம்னாக. கல்யாணத்துக்குப் பேசி வச்ச எடம், சத்தமில்லாம வெலகிக்கிட்டாக. அதுல இருந்து எங்க கூடத்தான் இருக்கா. நாம பேசுனா உதட்டப் பாத்துப் புரிஞ்சுக்கிடுவா, புரியலன்னா போன்ல டைப் பண்ணிக் காமிப்போம். அவ பேசுவா, நல்லாப் பேசுவா, ஆனா அவ குரலு அவளுக்கே கேக்காதுல்ல, அதனால வீடே அதிரப் பேசுவா. தண்ணி வேணும்னு கேட்டாக்கூட எதிர்வீட்டுல எட்டிப் பாப்பாக.

பியானோ வந்ததும் எனக்கு மனசுக்குள்ள ஒரு உறுத்தல், காது கேக்காத பிள்ளை இருக்குற வீட்டுல இதக் கொண்டாந்து வச்சுருக்கோமேன்னு. ஆனா எஸ்தருதான் அத அதிகமா கவனிச்சா. உள்ள எலி கூடு கட்டியிருந்துச்சு, அத எடுத்துப் போட்டு, பிரஷ் வச்சுத் தூசி தட்டி, கட்டைய ஈரத்துணியில ஒவ்வொண்ணாத் தொடச்சா. சோப்பு போடக்கூடாது, எண்ணெ போடக்கூடாது, துணியப் பிழிஞ்சு பிழிஞ்சு தொடைக்கணும். கம்பளித் துணியெல்லாம் பூச்சி அரிக்காம இருக்க வசம்பத் துணியில முடிஞ்சு உள்ள தொங்கவிட்டா. கீழ்ப்பலகைக்குப் பின்னால ஒரு வாயகன்ற சட்டியில தண்ணி வச்சோம், நம்ம ஊரு வெயிலுக்கு மரம் காஞ்சு வெடிச்சிரும்ல, அந்த ஈரம் போதும். ஜன்னல் பக்கம் வைக்காதீக, வெயில் படுற செவுத்துலயும் ஒட்டி வைக்காதீக.

வாசிச்சுப் பாத்தேன். சுருதி கன்னாபின்னான்னு கெடந்துச்சு, ஆனா எல்லாக் கட்டையும் ஏதோ ஒரு சத்தம் குடுத்துச்சு, ஒண்ணு தவிர. நட்ட நடுவுல ஒரு வெள்ளைக் கட்டை, வெஸ்டர்ன் சுரத்துல எஃப்னு சொல்ற கட்டை. அத அமுக்குனா 'டொக்'குனு மரச்சத்தம் மட்டும். சரி, டியூன் பண்ற ஆளு வர்றப்ப பாத்துக்கிடலாம்னு விட்டுட்டேன்.

ஒரு சனிக்கிழமை, நான் அடுப்படியில இருக்கேன். "மதினீ!"ன்னு ஒரு கத்து. எதோ காலுல போட்டுக்கிட்டான்னு ஓடுனேன். பியானோ முன்னால நிக்கா, கண்ணு ரெண்டும் பெருசா, ஒரு வெரலு கட்டை மேல.

"கேக்குது மதினி."

"என்ன கேக்குது?"

"இது." அமுக்குனா. டொக்.

அந்த எஃப் கட்டைதான். நீங்க நம்புவீகளோ மாட்டீகளோ, அம்புட்டு கட்டைய விட்டுட்டு, சத்தமே வராத அந்த ஒரு கட்டைதான் அவளுக்குக் கேட்டுருக்கு. மத்தத அமுக்கச் சொன்னேன். அமுக்குனா, தலைய ஆட்டுனா, இல்ல, இல்ல, இல்ல. அந்தக் கட்டைக்கு வந்ததும் மொகம் மாறுது. எப்படிக் கேக்குதுன்னு கேட்டேன். யோசிச்சு யோசிச்சுச் சொன்னா, "மணிச் சத்தம் மாதிரி ஒண்ணும் இல்ல மதினி. தண்ணிக்குள்ள முங்கிக் கெடக்குறோம்ல, தலைய வெளிய எடுத்த மாதிரி இருக்கு. எடுத்ததும் திரும்ப முங்கிருது."

நான் அதிர்வுன்னு நெனச்சேன். கட்டைய அமுக்குறப்ப வெரல்ல ஏதோ தெரியுது, அத மூளை சத்தம்னு எடுத்துக்கிடுது, பாவம். எங்க வீட்டுக்காரரும் அதான் சொன்னாரு. சரி, சோதிச்சுப் பாத்துருவோம்னு எஸ்தரக் கொண்டுபோயி பின்னால துவைக்கிற கல்லுக்கிட்ட, செவுத்தப் பாத்து நிக்க வச்சோம். இவரு பக்கத்துல. கேட்டா கைய தூக்கணும். நான் ஹால்ல உக்காந்து பத்து வெரலயும் வச்சு மொத்து மொத்துன்னு மொத்துறேன், பக்கத்து வீட்டு நாய் குலைக்குது, அவ கை எறங்கியே இருக்கு. அப்புறம் அந்த ஒத்தக் கட்டைய மெதுவா, எனக்கே டொக்குகூடக் கேக்காத மாதிரி அமுக்குறேன். இவரு அங்க இருந்து, "தூக்கிட்டா"ங்குறாரு. கட்டை மேல வெரல வச்சுட்டு அமுக்காம இருந்து பாத்தேன். "தூக்கல"ங்குறாரு. திரும்பத் திரும்பச் செஞ்சோம். ஒரு தடவ கூடத் தப்பல.

அன்னைக்கு ராத்திரி யாருக்கும் சோறு எறங்கல. சந்தோசமா பயமான்னு தெரியல. எஸ்தரு மட்டும் சிரிச்சுக்கிட்டே இருந்தா. அடுத்த வாரம் மதுரைக்குக் கூட்டிட்டுப் போனோம். கண்ணாடி ரூமுக்குள்ள உக்கார வச்சு எல்லா டெஸ்ட்டும் எடுத்தாக. பழைய மாதிரியேதான், ஒண்ணுமில்ல. நான் பியானோ விசயத்தச் சொன்னதும் டாக்டரம்மா தன்மையாத்தான் பேசுனாக, காது போனவங்களுக்கு மூளையே சத்தத்த உண்டாக்கும், பயப்பட ஒண்ணுமில்லன்னாக. அப்ப துவைக்கிற கல்லுக்கிட்ட நின்னு கை தூக்குனது எப்படின்னு கேட்டேன். அவுக சிரிச்சுக்கிட்டே ரிப்போர்ட்ட எடுத்துக் குடுத்தாக. வர்ற வழியில பஸ்ல எஸ்தரு என் தோள்ல சாஞ்சுக்கிட்டு, "நான் பொய் சொல்லல மதினி"ன்னா, பஸ்ஸே திரும்பிப் பாக்குற அளவுக்குச் சத்தமா.

அதுக்கப்புறம்தான் டியூன் பண்ண பிரகாஷ் வந்தாரு. மதுரைக்காரரு, சின்ன வயசு, ஜீன்ஸ், முதுகுல பை. கல்யாணக் கச்சேரிக்கெல்லாம் கீபோர்டு ரிப்பேர் பாக்குறவரு, பியானோவும் பாப்பாரு. முன்பலகையக் கழட்டிட்டு உள்ள டார்ச் அடிச்சவரு, "டீச்சர், இங்க வாங்க"ன்னாரு. போயிப் பாத்தேன். ஒரு கட்டைக்கு மூணு கம்பி வரும் நடுப்பகுதியில. கட்டைய அமுக்குனா சின்னச் சுத்தியல் ஒண்ணு எந்திரிச்சு வந்து கம்பிய அடிக்கும், அதுதான் சத்தம். அந்த எஃப் கட்டைக்குச் சுத்தியல் தலை இல்ல, வெறும் குச்சிதான் எந்திரிக்குது. கம்பியும் இல்ல. மூணும் இல்ல. கம்பி சுத்துற ஆணியக்கூட யாரோ பிடுங்கி எடுத்துருக்காக. வரிசையா கம்பி போயிக்கிட்டே இருக்கு, அங்கன மட்டும் பல்லு விழுந்த மாதிரி ஒரு சந்து.

"அறுந்து போனது இல்ல இது. வேணும்னே எடுத்துருக்காங்க. எதுக்குன்னுதான் தெரியல"ன்னாரு பிரகாஷ்.

அதிர்வுன்னு சொன்னேன்ல, எதுல இருந்து அதிர்வு? அடிக்கவே ஒண்ணுமில்ல, அடிபடவும் ஒண்ணுமில்ல.

அவருகிட்ட எஸ்தர் விசயத்தச் சொன்னேன். அவரு எஸ்தரப் பாத்தாரு, கட்டையப் பாத்தாரு, "எனக்குக் கேக்கலயே"ன்னாரு. அப்புறம் கம்பி போடவா, அப்படியே விட்டுரவான்னு கேட்டாரு. அதெல்லாம் எஸ்தரு உதட்டப் பாத்துக்கிட்டேதான் இருந்தா. அவளே முன்னால வந்து சொன்னா, "போடுங்க. கம்பியில்லாமயே இம்புட்டு கேக்குதுன்னா, கம்பி போட்டா முழுசாக் கேக்கும்ல."

அவ சொன்னதுல தப்பு ஒண்ணுமில்ல. நானா இருந்தாலும் அதத்தான் கேட்டுருப்பேன்.

பிரகாஷ் மதுரைக்குப் போயி ஆணி, கம்பி, சுத்தியல் எல்லாம் கொண்டாந்து ஒரு நாள் முழுக்க உக்காந்து போட்டாரு. சாயங்காலம் அமுக்குனேன். ஆகா, அப்படி ஒரு சத்தம். அந்தப் பியானோவுலயே அதுதான் சுத்தமான சுருதி. திரும்பி எஸ்தரப் பாத்தேன். அவ என் வெரலப் பாத்துக்கிட்டு இருக்கா, எப்ப அமுக்கப் போறேன்னு. நான் ஏற்கனவே அமுக்கிட்டேன்னு அவளுக்குத் தெரியல.

திரும்ப அமுக்குனேன். திரும்ப. அவளே வந்து அமுக்குனா. சத்தம் கணீர்னு வருது, அவ மொகத்துல ஒண்ணுமே இல்ல. பிரகாஷ் ஆணிய இன்னொரு தடவ முறுக்கிப் பாத்தாரு. "எடுத்துருங்க"ன்னா எஸ்தரு. பாவம், அவரும் மறுபேச்சு பேசாம எல்லாத்தயும் கழட்டுனாரு, ஆணி வரைக்கும். கழட்டுனதும் அமுக்கிப் பாத்தா. டொக். தலைய ஆட்டுனா. போயிருச்சு. அழுவான்னு நெனச்சேன், அழல. எடுத்த கம்பியச் சுருட்டி ஒரு ஓரமா வச்சுட்டு, பிரகாஷுக்கு டீ போட்டுக் குடுத்தா. அதுக்கப்புறம் அவ பியானோ பக்கமே போகல, தூசிகூட நான்தான் தட்டுனேன்.

இம்புட்டுதான்னா, ஏதோ ஒரு வியாதி, ஏதோ ஒரு பிரமைன்னு நானும் விட்டுருப்பேன். அதுக்கப்புறம் நடந்ததுதான் எனக்கு இன்னைக்கு வரைக்கும் பிடிபடல.

ஏப்ரல் மாசம். வெயில்னா வெயிலு, தார் ரோடு காலுல ஒட்டுது. எனக்கு லீவு, சாப்பாட்டு மேசையில பரீட்சைப் பேப்பர் திருத்திக்கிட்டு இருக்கேன். எஸ்தரு உள்ரூம்ல தூங்குறா. இவரு சிவகாசியில லோடுக்குப் போயிருக்காரு. பட்டப்பகல், மத்தியானம். கரண்டு போச்சு. ஃபேன் சுத்தி நின்னதும் வீடு கப்புனு ஆயிருச்சு.

அப்ப கேட்டுச்சு. எப்ப ஆரம்பிச்சுச்சுன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது. பியானோ சத்தத்துக்கு ஒரு அடி இருக்கும், டங்குனு ஆரம்பிச்சு அப்புறம் தேயும். இதுக்கு ஆரம்பமே இல்ல. அது பாட்டுக்குக் கேட்டுக்கிட்டு இருந்துச்சு, தேயாம, ஏறாம, ஒரே சீரா. ஃபேன் சத்தத்துல அமுங்கி முன்னயே இருந்துச்சோ என்னமோ. பேனாவ வச்சுட்டு எந்திரிச்சேன். ஹால்ல போயி நின்னேன். எனக்குச் சுருதி தெரியும், அது எஃப். பிரகாஷ் கம்பி போட்ட அன்னைக்குக் கேட்ட அதே எஃப். இப்ப கம்பி இல்ல. கட்டை அசையல, நான் குனிஞ்சு பாத்தேன், மத்தக் கட்டையோட சமமா சும்மா கெடக்கு. ஆனா சத்தம் அங்க இருந்துதான் வருது. கிட்டப் போனா கூடுது, தள்ளி வந்தா கொறையுது. பக்கத்துக் கம்பியெல்லாம் தொட்டுப் பாத்தேன், ஒண்ணும் நடுங்கல.

பின்னால சத்தம் கேட்டுத் திரும்புனா எஸ்தரு. ரூம் வாசல்ல நெலையப் பிடிச்சுக்கிட்டு நிக்கா. முடி அவுந்து கெடக்கு.

"மதினி, காக்கா கத்துது"ன்னா.

மெதுவா சொன்னா. அதத்தான் நீங்க கவனிக்கணும். ரெண்டு வருசத்துல அவ மெதுவாப் பேசி நான் கேட்டதே இல்ல. நாம பேசுற மாதிரி, வீட்டுக்குள்ள ஒரு ஆளுகிட்ட பேசுற அளவு எதுவோ அந்த அளவுக்குப் பேசுறா. சொன்னவளே திடுக்குன்னு தொண்டையில கைய வச்சா. "என் குரலா இது? இம்புட்டு கரகரன்னா இருக்கு?"

வாசல் கொல்லைன்னு எல்லாப் பக்கமும் திரும்பித் திரும்பிப் பாக்கா. காக்கா கத்துறது அவளுக்குக் கேக்குது. குழாய் சொட்டுறது கேக்குது. அந்தப் பியானோ சத்தத்துல அவளுக்கு மொத்தமும் தொறந்துருச்சு, புரியுதா? நான் என்ன செஞ்சுருக்கணும்? பாட்டு ஒண்ணு பாடியிருக்கலாம், பேரச் சொல்லிக் கூப்புட்டுருக்கலாம், எம்புட்டோ பேசியிருக்கலாம். எனக்கு வந்தது என்ன தெரியுமா? "பயப்படாத. இங்கனயே நில்லு. அண்ணனுக்குப் போன் போடுறேன்." அம்புட்டுதான். போன் ரெண்டு தடவ கீழ விழுந்துச்சு. இவரு எடுத்தாரு, லாரிச் சத்தம். விவரமா சொல்லக்கூட இல்ல, போன அவ காதுல வச்சுட்டேன்.

"அண்ணே"ன்னா. அப்புறம் கேட்டுக்கிட்டு நின்னா. கண்ணுல இருந்து தண்ணி ஓடுது. "ம்"னா. "ஆமாண்ணே"ன்னா. தெருவுல அந்நேரம் ஒரு ஆட்டோ மைக் கட்டிக்கிட்டு போச்சு, பழைய இரும்பு, பிளாஸ்டிக் எடுக்குறவன். அவ போன எடுத்துட்டு அந்தப் பக்கம் காதத் திருப்புனா, சிரிச்சா.

அப்புறம் சத்தம் நின்னுச்சு. நின்னதும் எனக்குத் தெரியல. "மதினீ?"ன்னு அவ வீடு அதிரக் கூப்புட்டா பாருங்க, அப்பத்தான் தெரிஞ்சுச்சு. போச்சு. திரும்ப முங்கிட்டா.

இவரு சாயங்காலம் ஓடி வந்தாரு. கேட்டா, "நான் 'என்ன தாயி, சாப்பிட்டியா'ன்னு கேட்டேன், அவ 'ம்'னா. 'நெசமாவே கேக்குதா'ன்னேன், 'ஆமாண்ணே'ன்னா"ங்குறாரு. சொல்லிட்டு அவரே, "கேக்காமலே அப்படிச் சொல்லியிருக்கலாம்ல, நீ போட்டுக் குடுத்ததும் நான் பேசுவேன்னு தெரியும்ல அவளுக்கு"ங்குறாரு. ஒரு நாள் நம்புவாரு, ஒரு நாள் நம்ப மாட்டாரு. நான் சும்மா விடல. அந்த ஆட்டோவுல பாடுற பாட்டு புதுசு, அதுக்கு முந்துன மாசம்தான் மாத்துனான், ஒரு பொம்பளப் பிள்ளை இழுத்து இழுத்துச் சொல்ற மாதிரி ரெக்கார்டு. எஸ்தரு காது போனப்ப அது கெடையாது. அவகிட்ட எழுதிக் காமிச்சேன், ஆட்டோவுல என்ன கேட்டுச்சுன்னு. அவ அதே இழுவையில, அதே எடத்துல மூச்சு விட்டு, அப்படியே பாடிக் காமிச்சா. இவரு பாட்டு முடியுற வரைக்கும் கேட்டாரு. எந்திரிச்சு வெளிய போயிட்டாரு.

டாக்டரம்மாகிட்ட திரும்பப் போனோம், அதே ரிசல்ட்டுதான். பிரகாஷ் வந்து உள்ள எல்லாம் பாத்தாரு, ஒண்ணும் பிடிபடல. எங்க சர்ச்சு ஐயரு, பாஸ்டரு, வந்து ஜெபம் பண்ணுனாரு, பியானோ மேல கைய வச்சவரு, நல்ல பொருளுன்னு சொல்லிட்டுப் போனாரு. இத யாருக்காச்சும் குடுத்துரலாமான்னு இவரு கேட்டாரு, எஸ்தருதான் விடல. இப்ப அவ சிவகாசி பிரஸ் ஒண்ணுக்கு வீட்டுல இருந்தே காலண்டர் புரூஃப் பாத்துக் குடுக்குறா. சீசன்ல மூச்சு விட நேரமிருக்காது. பியானோவ அவதான் திரும்பப் பாத்துக்கிடுறா, தண்ணிச் சட்டி, வசம்பு எல்லாம். அதுக்கப்புறம் அந்தச் சத்தம் வரல. எனக்கும் வரல, அவளுக்கும் வரல.

உங்க பியானோவுல சுத்தியல், கம்பி இல்லாம ஏதாச்சும் கட்டை இருந்தா, போடுங்க, போடாதீகன்னு ரெண்டும் சொல்ல எனக்கு வாய் வரல. உங்க இஷ்டம்.

இதோட முடிஞ்சிருந்தாக்கூட ஒரு அதிசயம்னு வச்சுக்கிடலாம், ஆண்டவரு ஒரு அஞ்சு நிமிசம் குடுத்தாருன்னு நெனச்சுக்கிடலாம். போன மாசம் ரெண்டு பேரும் மாடியில காஞ்ச துணிய மடிச்சுக்கிட்டு இருந்தோம். எஸ்தரு எதோ ஞாபகம் வந்த மாதிரி கேட்டா, "அன்னைக்கு உங்களுக்கு முந்திப் பேசுனது யாரு மதினி?"

எனக்குப் புரியல. என்னைக்குன்னு கேட்டேன்.

"எனக்குக் கேட்ட அன்னைக்குத்தான். நீங்க 'பயப்படாத'ன்னு சொல்றதுக்கு முந்தியே உங்க பின்னால இருந்து ஒரு பொம்பளக் குரல் 'பயப்படாத'ன்னுச்சு. அப்புறம்தான் நீங்க சொன்னீக. 'இங்கனயே நில்லு'ன்னதும் அப்படித்தான். அந்தக் குரல் சொல்லும், அத வாங்கி நீங்க சொல்வீக."

வீட்டுல நாம ரெண்டு பேருதான இருந்தோம்னு சொன்னேன். என் உதட்டயே பாத்தா. "அப்படியா"ன்னா. ஏன் இம்புட்டு நாளாச் சொல்லலன்னு கேட்டதுக்கு, "உங்களுக்குத் தெரிஞ்சவங்கன்னு நெனச்சேன் மதினி. உங்களோட பேசிப் பழகுன குரல் மாதிரி இருந்துச்சு"ன்னுட்டு அடுத்த துணிய எடுத்து மடிக்க ஆரம்பிச்சுட்டா.

நான் டீச்சர். காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் பேசுறதுதான் என் பொழப்பு. இப்பல்லாம் வகுப்புல ஏதாச்சும் சொல்ல வாயத் தொறந்தா, ஒரு நொடி நின்னு கேக்கேன். பிள்ளைக முழிக்குது, டீச்சர் ஏன் நிக்காகன்னு. பின்னால ஒரு சத்தமும் கேக்கல. இப்ப உங்ககிட்ட பேசுறப்பவும் பாத்துக்கிட்டேதான் இருக்கேன், ஒண்ணும் கேக்கல. எஸ்தருக்கும் இந்த ஊரு உலகத்துச் சத்தம் ஒண்ணும் கேக்கலதான, அதுக்காக அது இல்லாமலா போச்சு?